பிடியரிசிப் பையும் ஒன்றாம் தேதித் தசமபாகமும்

விருப்பமில்லாமல் கீழ்ப்படிந்தால் அது கீழ்ப்படிதல் ஆகுமா என்று சகோதரி ஒருவர் இங்கே கேட்டிருந்தார். அதற்கு விளக்கம் எழுதுவதைவிட எங்கள் சபையின் ஓர் ஆச்சியைப் பற்றி எழுதுவது எனக்கு எளிது.

மும்பை தாராவியில் உள்ள ஒரு தமிழ்ச் சபையில் ஒன்பது ஆண்டுகளாகக் காணிக்கைக் கணக்கைப் பார்த்து வருகிறேன். சபையாரில் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களின் பிள்ளைகள் என்பதால், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பையில் சேர்த்து ஆலயத்துக்குப் படைக்கும் பிடியரிசி வழக்கம் இங்கேயும் சில வீடுகளில் தொடர்கிறது. அதை விற்று வரும் பணத்தை, திருநெல்வேலித் திருச்சபையார் 1903-இல் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தின் ஊழியத்துக்கு அனுப்புகிறோம். (தொகை சொற்பந்தான், புழுங்கலும் பச்சையும் கலந்து கிடக்கும் அரிசியை வாங்குவதற்கே ஆள் தேட வேண்டும்.) வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான என்னுடைய தசமபாகமோ மாதந்தோறும் ஒன்றாம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துவிடும். ஒரு மாதமும் தவறியதில்லை என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான சென்ற லெந்து நாட்களில், 90 அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் மாடியறையில் குடியிருக்கும் அந்த ஆச்சியிடம் பையை வாங்கப் போனேன். அது காலியாக ஆணியில் தொங்கியது. வீட்டில் தட்டுப்பாடு போலும் என்று எண்ணி, “பரவாயில்லை ஆச்சி, அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறேன்” என்றேன். அவர் அரிசி டப்பாவைத் திறந்து காட்டினார். பாதிக்கு மேல் இருந்தது. பேரனுக்கு வேலை போய்விட்டதால் ஆண்டவர்மேல் கோபமாக இருப்பதாகவும், அதனால்தான் வாரம் முழுவதும் ஒரு பிடிகூடப் போடவில்லை என்றும் சொன்னார். “கோவத்தோட அள்ளிப் போட்டா அது அரிசியாத்தான் இருக்கும் தம்பி, காணிக்கையா இருக்காது.”

எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகக் கொரிந்து சபையாரிடம் பணம் கேட்ட அப்போஸ்தலர் பவுல், வருத்தத்தோடும் கட்டாயத்தினாலும் கொடுக்க வேண்டாம் என்று எழுதியதைக் காணிக்கை வேளைகளில் நானே பலமுறை வாசித்திருக்கிறேன். ஆனாலும் ஆச்சி செய்தது முற்றும் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இயேசுவின் உவமை ஒன்றில், திராட்சத்தோட்டத்தில் வேலை செய்யத் தகப்பன் அனுப்பியபோது போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு மனம் வருந்திப் போன மகனுக்கு, போகும் வழியில் வேலைமேல் ஆசை பிறந்ததா என்று அவர் சொல்லவில்லை. அவன் போனான், அவ்வளவுதான். மனம் கனியட்டும் என்று காத்திருந்தால் எங்கள் சபையில் பாதிப் பேர் ஆலயத்துக்கே வரமாட்டார்கள், என்னையும் சேர்த்து.

ஆனால் என்னை உறுத்தியது, தன் பங்குச் சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகனைப் பற்றிய கெட்ட குமாரன் உவமையில் வரும் மூத்த மகன். தகப்பனின் கட்டளையை ஒருநாளும் மீறாத அவன், தம்பி திரும்பி வந்த மகிழ்ச்சியில் வீடே களித்திருக்க, உள்ளே போக மனமின்றி வெளியில் நின்றான். அவனுக்கும் ஒன்றாம் தேதி தவறியிருக்காது. ஆச்சியாவது கொடுக்காத அந்த வாரம் முழுவதும் ஆண்டவரோடு வழக்காடிக்கொண்டிருந்தார். நானோ கொடுத்த நாட்களில் ஆண்டவரை நினைத்தேனா என்பதே ஐயம்.

வங்கி ஏற்பாட்டை நான் நிறுத்தவில்லை. மூன்றாம் வாரம் போனபோது ஆச்சி பையை எடுத்து நீட்டினார், கால்வாசிதான் இருந்தது. பேரனுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார்.