கரையில் கண்டதை எழுதுங்கள்: கொக்கிளாய் முதல் இரணைதீவு வரை

அளம்பில்காரி:

அப்பாவிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. பள்ளிக்கூடக் கணக்குக்கு நான் வாங்கிப் பாதியில் விட்டது. மிச்சப் பாதியில் அவர் கடலை எழுதுகிறார். திகதி, காற்று சோளகமா கொண்டலா, எவ்வளவு தூரம் போனார், எத்தனை கிலோ பட்டது. கடைசி நிரலுக்கு மேலே "வெளிச்சம்" என்று இருக்கும். அதில் வெறும் எண்கள்தான். 7. 11. 9. அன்றிரவு கடலில் அவர் எண்ணிய வெளிச்சப் படகுகள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெனரேற்றர் வைத்துப் பெரிய பல்புகளைத் தண்ணீருக்கு மேல் எரியவிட்டால் சூடை, கீரி போன்ற சின்ன மீன்கள் வெளிச்சத்துக்குக் கூடும். அவற்றைத் தின்னப் பெரிய மீனும் வரும். சுற்றிவர வலையை வளைத்து அடியைச் சுருக்கினால் குஞ்சு குருமான் எல்லாம் ஒரே அள்ளில் போய்விடும். கொஞ்சம் தள்ளி வலையைப் போட்டுவிட்டு விடியும்வரை காத்திருக்கிற எங்கள் பைபர் படகுக்கு என்ன மிஞ்சும்? கொப்பியில் வெளிச்சம் 11 என்று இருக்கிற நாளில் மீன் 4 கிலோ. மண்ணெண்ணெய்க் காசுக்கும் காணாது.

போன வருடம் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். "ஐயா, படகு நம்பர் இருக்கா?" என்று கேட்டார். வெளிச்சப் படகுக்குக் கிட்டப் போனால் கண் கூசும். பின்னால் நிற்கிற ஆளே தெரியாது, நம்பரை எப்படி வாசிப்பது? அப்பா கொப்பியை நீட்டினார். "இதை ஆதாரமா எடுக்க ஏலாது ஐயா." தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே கீழே என்ன மீன் போகிறது என்று சொல்கிற மனிதர், கொப்பியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பிவிட்டார். பஸ்ஸிலும் ஒரு சொல் பேசவில்லை.

எனக்கு இன்னும் ஆறவில்லை. சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. அடித்தளத்தை வாரி எடுக்கிற இழுவைமடியை 2017 இல் பாராளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது. டைனமைற் அதற்கு முன்பே தடை. ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் 2014 இல் சிறு மீனவர்களுக்காக வழிகாட்டி நெறிகளைக் கொண்டுவந்தது. கடலைப் பற்றி முடிவெடுக்கும்போது மீனவர்களும் பெண்களும் அதில் இருக்கவேண்டும், அவர்களுடைய அனுபவ அறிவையும் அறிவாக எடுக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. அப்படியென்றால் அப்பாவின் கொப்பி என்ன?

சரி, உங்கள் கரையில் என்ன நடந்தது? கண்ணால் கண்டதை எழுதுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம்.

தீவுப்பிள்ளை:

நாங்கள் 1992 இல் கிளிநொச்சிக் கரைக்கு அப்பால் இருக்கிற இரணைதீவை விட்டு வந்தோம். எனக்கு அப்போது ஆறு வயது. அதற்குப் பிறகு இரணைமாதா நகர்தான் ஊர். சண்டை முடிந்து எட்டு வருடமாகியும் தீவில் போய்க் குடியிருக்க வழி பிறக்கவில்லை. 2017 மே 1 அன்று கொட்டில் போட்டுப் போராட்டத்தில் இருந்தோம். பெண்கள்தான் அதிகம். ஒரு வருடம் முடியப் போகிறது, பதில் இல்லை. 2018 ஏப்ரல் 23 அன்று யாருடைய சொல்லுக்கும் காத்திராமல் படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு நாங்களே போனோம்.

படகு கரை தட்டும்வரை அம்மா பொறுக்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே இறங்கி, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தா. வீடு இருந்த இடத்தில் சுவர் மட்டும் நின்றது, உள்ளே முழுக்கப் பற்றை. அம்மா வீட்டைப் பார்க்கவேயில்லை, நேரே கிணற்றைத் தேடிப் போனா. வாளி இல்லை. தண்ணீர்ப் போத்தலைக் கயிற்றில் கட்டி இறக்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்து, "உப்பில்லையடி" என்றா. அப்புறம்தான் அழுதா.

இப்போது எங்கள் பயம் வேறு. கடலட்டைப் பண்ணை என்று ஆழமில்லாத கடலில் தடி நட்டு வலையால் அடைக்கிறார்கள். அந்த இடத்தில்தான் பெண்கள் வத்துத் தண்ணீரில் நடந்து அட்டையும் நண்டும் பிடிப்பார்கள். படகும் இன்ஜினும் இல்லாதவளுக்கு அதுதான் தொழில். காணிக்கு வேலி போடுவது தெரியும். கடலுக்கு வேலி போட்டால் அவள் எங்கே போவாள்?

களப்புக்கரை:

முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் பிடிப்பவன் நான். 2009 இல் இந்தக் கரையில் நடந்ததை எழுத எனக்குக் கை வராது, மன்னியுங்கள். 2017 ஜனவரியில் களப்பையும் கரையையும் சேர்த்து 4,000 ஹெக்ரேயருக்கு மேல் இயற்கை ஒதுக்கு என்று வர்த்தமானியில் போட்டார்கள். களப்பு காக்கப்படவேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. வற்றாப்பளை அம்மனுக்குக் கடல் தண்ணீரில் விளக்கெரிக்கிற சனம் நாங்கள். ஆனால் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வலை வீசுகிறவனுக்கு எல்லை எது என்று கடைசியாகத்தான் தெரியவந்தது.

பாடுகாரன்:

கொக்குத்தொடுவாய்ப் பக்கம். 1984 கடைசியில் ஊரோடு எழும்பினோம். திரும்பி வந்தபோது நான் தலை நரைத்த ஆள். கரைவலைப் பாடு, அதாவது வலை இழுக்கிற கரைத்துண்டு எது, யாருடையது என்று எங்கள் பெரியவர்களுக்கு மனப்பாடம். எழுத்தில் கேட்டால் எங்கே போவது? இடம்பெயர்ந்தபோது பிள்ளைகளைத் தூக்கினோமா, பத்திரத்தைத் தூக்கினோமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும், அது எங்கள் ஆட்களிலும் உண்டு. முன்பு ஒரு கரைவலைக்கு இரண்டு கம்பாக் கயிற்றிலும் முப்பது பேர் நின்று இழுப்பார்கள். கரையில் நிற்கிற விதவைப் பெண்ணுக்கும் ஒரு பங்கு மீன் கிடைக்கும். இப்போது உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள். கையால் இழுத்தால் வலை நிலத்தைத் தடவிக்கொண்டு வரும். இயந்திரம் இழுத்தால் சாதாளை என்கிற கடற்புல் வேரோடு வருகிறது. குஞ்சு தங்குகிற இடம் அது. வலையை உதறிய பிறகு கரையில் குவிந்து கிடக்கிற சாதாளைக்குள், விரல் நீளம்கூட இல்லாத விளைமீன் குஞ்சுகளை என் கையால் பொறுக்கியிருக்கிறேன். வெளியாரைக் கேட்கிற உரிமை நமக்கு வேண்டுமென்றால் இதையும் நாமே நிறுத்தவேண்டும்.

மன்னார் ரீச்சர்:

சின்ன விஷயம்தான், சொல்லிவிட்டுப் போகிறேன். 2025 மேயில் கேரளக் கரைக்கு அப்பால் ஒரு கொள்கலன் கப்பல் மூழ்கியது. ஜூனில் எங்கள் கரையில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கின. கையில் எடுத்தால் சவ்வரிசி மாதிரி. பிள்ளைகளோடு அரிதட்டு வைத்து மணலை அரித்தோம். ஒரு பிள்ளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரீச்சர், மீன் இதை முட்டையெண்டு நினைச்சுத் தின்னாதா?" என்று கேட்டது. தின்னும் என்றேன். அதற்குப் பிறகு அவள் நிமிரவேயில்லை, பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அளம்பில்காரி:

எல்லாவற்றையும் நேற்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிணற்றுக் கதையை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். வின்ச் பற்றிப் பாடுகாரன் அண்ணை எழுதியதைக் கேட்டுவிட்டு, "அவர் சொல்லுறது சரி" என்று மட்டும் சொன்னார்.

இன்று காலை கொப்பியை எடுத்துப் பார்த்தேன். கொண்டல். 6 கிலோ. வெளிச்சம் 8. அந்த வரிக்குப் பக்கத்தில் வேறு மூன்று பேரின் கையெழுத்து. இரவு பக்கத்தில் நின்ற படகுக்காரர்களிடம், கரைக்கு வந்ததும் மீனைக்கூட இறக்கவிடாமல் வாங்கியிருக்கிறார். ஒருவரின் கையெழுத்தில் இன்னும் மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது.