அண்ணனோட கண்ணு தானா ஆடுது, ரங்கூன்ல மருந்து அளவு எங்க பாப்பாங்க?

எல்லாருக்கும் வணக்கம். நாங்க பர்மால, ரங்கூன் பக்கத்துல பெகு ஊர்ல இருக்கோம். எங்க அண்ணனுக்கு 41 வயசு, 9 வருஷமா ஃபிட்ஸுக்கு ஃபெனிட்டாயின் 300 மில்லிகிராம் சாப்பிடுறாரு, தீபாவளிக்கு முன்னாடி ஒரு தடவ ஃபிட்ஸ் வந்துச்சுனு 400 ஆக்குனாங்க, ரெண்டு வாரத்துல கண்ணு ஆட ஆரம்பிச்சிருச்சு.

நேரா பாத்தா ஒண்ணும் தெரியல. என் விரல காட்டி வலது பக்கம் பாக்கச் சொன்னா கருவிழி மெதுவா நடுவுக்கு நழுவுது, வெடுக்குனு திரும்ப வலது பக்கம் தாவுது, நிக்கவே மாட்டேங்குது. இடது பக்கமும் அப்படித்தான். நடக்குறப்ப சுவத்த புடிச்சுக்கிறாரு, ராத்திரில பேச்சும் குழறுது. பாக்கவே மனசு பதறுது.

கண் டாக்டர்ட காட்டியாச்சு, கண்ணு நல்லா இருக்குன்னு சொட்டு மருந்து குடுத்தாங்க. இன்னொரு கிளினிக்ல தலசுத்தல்னு சின்னாரிசின் குடுத்தாங்க, 10 நாள் சாப்பிட்டும் கேக்கல. தலை ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்ல.

இந்த ஃபெனிட்டாயின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துல 10ல இருந்து 20 மைக்ரோகிராம் வரைக்கும் இருக்கலாமாம், அதுக்கு மேல போனா மொதல்ல கண்ணு இப்படித்தான் ஆடுமாம், அப்புறம் தள்ளாட்டம். கொஞ்சம் டோஸ் கூட்டுனாலே அளவு எக்கச்சக்கமா ஏறிடுமாம். ஆனா ரத்தத்துல எவ்வளவு இருக்குனு இதுவரைக்கும் யாருமே பாக்கல. மாத்திரைய நாங்களா நிறுத்தல, திடீர்னு விட்டா ஃபிட்ஸ் விடாம வரலாம், அது இன்னும் ஆபத்து.

ரங்கூன்ல ஃபெனிட்டாயின் ரத்த அளவு பாக்குற லேப் எது, போயிட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்களேன்?