ஒரே பயணத்தில் நான்கு நகரங்கள்: ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டுகளா?

கேள்வி

வணக்கம். மூன்று வார விடுமுறையில் நானும் என் மனைவியும் லண்டன், பாரிஸ், ரோம், இஸ்தான்புல் ஆகிய நான்கு நகரங்களைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பத் திட்டமிட்டிருக்கிறோம். முன்பதிவுத் தளத்தில் 'மல்டி சிட்டி' பகுதியில் ஐந்து விமானங்களையும் சேர்த்துக் கொடுத்துத் தேடினால், ஒவ்வொன்றாகத் தேடிக் கூட்டியதைவிடத் தொகை மிக அதிகமாக வருகிறது. லண்டனுக்கு இருவழி டிக்கெட் எடுத்துக்கொண்டு, நடுவில் உள்ளவற்றைத் தனியே வாங்குமாறு நண்பர் ஒருவர் சொல்கிறார். எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கினால் ஏதேனும் சிக்கல் வருமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நீங்கள் பார்த்த வித்தியாசம் தளத்தின் கோளாறு அல்ல. ஐந்து விமானங்களையும் ஒரே டிக்கெட்டில் கோக்க வேண்டுமானால், அவற்றை இயக்கும் நிறுவனங்களுக்குள் ஒருவர் டிக்கெட்டை மற்றவர் ஏற்கும் உடன்பாடு இருக்க வேண்டும். ஐரோப்பாவுக்குள் மலிவுக் கட்டணத்தில் பறக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் அத்தகைய உடன்பாட்டில் சேர்வதில்லை என்பதால், தளம் அவற்றை ஒதுக்கிவிட்டுப் பெரிய நிறுவனங்களின் இருக்கைகளையே கோத்துக் காட்டுகிறது.

ஆகவே நெடுந்தூர விமானங்கள் இரண்டை மட்டும், அதாவது லண்டனுக்குப் போவதையும் இஸ்தான்புல்லிலிருந்து திரும்புவதையும், அதே பகுதியில் ஒரே டிக்கெட்டாகத் தேடிப் பாருங்கள். டிக்கெட் முகவர்கள் இதை 'ஓபன் ஜா' என்பார்கள். இரு திசைகளுக்கும் அந்தந்த இருவழிக் கட்டணத்தில் பாதியை எடுத்துக் கூட்டுவதே இதற்கு வழக்கமான கணக்கு. எனவே தொகை சாதாரண இருவழி டிக்கெட்டை ஒட்டியே அமையும். அதே இரண்டையும் தனித்தனி ஒருவழி டிக்கெட்டுகளாக வாங்கினால், நெடுந்தூரத் தடங்களில் செலவு பெரும்பாலும் கூடிவிடும்.

நண்பர் சொன்ன வழியில், கடைசியில் லண்டனுக்கே திரும்பி வர ஒரு விமானமும் ஏறக்குறைய ஒரு நாளும் வீணாகும். தவிர, பிரிட்டனிலிருந்து விமானத்தில் புறப்படுவோருக்குத் தூரத்துக்கு ஏற்ப உயரும் பயணிகள் வரி ஒன்று உண்டு. நெடுந்தூரத் திரும்பு விமானத்தை அங்கிருந்து தொடங்காவிட்டால் அந்தச் சுமை இல்லை. லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே விமானமே தேவையில்லை. யூரோஸ்டார் ரயில் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் நகரத்துக்குள்ளேயே கொண்டுபோய் விடுகிறது.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். தனித்தனி டிக்கெட்டுகளின் ஆபத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே டிக்கெட்டில் இணைப்பு விமானம் தவறினால், அடுத்த விமானத்தில் இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு டிக்கெட்டுகளாக இருந்தால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாம் நிறுவனம் பொறுப்பேற்காது. அதன் கணக்கில் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். நான் ஒருமுறை மூன்று மணி நேர இடைவெளி போதும் என்று நம்பி இரு நிறுவனங்களில் தனித்தனியே பதிவு செய்திருந்தேன். முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானது. பெட்டியை எடுத்துக்கொண்டு மறு முனையத்துக்கு ஓடிச் சேர்ந்தபோது செக்-இன் மூடப்பட்டிருந்தது. அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்கியே பயணத்தைத் தொடர்ந்தேன்.

அதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான்: டிக்கெட் மாறும் இடத்தில் ஓர் இரவாவது தங்குவேன். உங்கள் பயணத்தில் ஒவ்வொரு நகரத்திலும் சில நாள்கள் தங்கப்போவதால் இது தானாகவே அமைந்துவிடுகிறது. ஊருக்குத் திரும்பும் அன்றே ரோமிலிருந்து இஸ்தான்புல்லுக்குப் பறப்பது போன்ற ஏற்பாட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, ஒரே டிக்கெட்டில் உள்ள விமானங்களை வரிசைப்படியே பயன்படுத்த வேண்டும். முதல் பகுதியில் ஏறாமல் விட்டால், திரும்பும் பகுதியையும் நிறுவனம் ரத்து செய்துவிடக்கூடும்.

மறுமொழி 3

இஸ்தான்புல் வழியாகவே பறக்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு டிக்கெட்டையே குறைக்கலாம். லண்டனுக்குப் போவது, ரோமிலிருந்து இஸ்தான்புல், இஸ்தான்புல்லிலிருந்து ஊர் என மூன்று வரிகளாகக் கொடுத்துத் தேடுங்கள். சர்வதேசப் பயணங்களில் இடைநிறுத்தம் 24 மணி நேரத்துக்குள் முடிந்தால் அது வெறும் இணைப்பு. அதைத் தாண்டினால் 'ஸ்டாப்ஓவர்'. சில கட்டணங்களில் அதற்குக் கூடுதல் தொகை இல்லை, சிலவற்றில் உண்டு, சிலவற்றில் அனுமதியே இல்லை. எனவே கட்டண விதிகளைத் திறந்து படித்த பிறகே பணம் செலுத்துங்கள். இப்படி வாங்கினால் தனியே வாங்க மிஞ்சுவது பாரிஸ்–ரோம் விமானம் மட்டுமே.

அதை வாங்கும்போது விமான நிலையத்தின் பெயரைப் பாருங்கள். 'பாரிஸ்' என்று விற்கப்படும் சில மலிவு விமானங்கள் நகரத்திலிருந்து சுமார் 80 கி.மீ. தள்ளியிருக்கும் போவேயிலிருந்து கிளம்புகின்றன. பெட்டிக்கான கட்டணத்தையும் சேர்த்துத்தான் அந்த விலையை ஒப்பிட வேண்டும். நெடுந்தூர டிக்கெட்டில் கிடைக்கும் எடை அனுமதி இந்தத் தனி டிக்கெட்டுக்குச் செல்லாது.

விசா தேவைப்படும் பாஸ்போர்ட்டாக இருந்தால், நகரங்களின் வரிசையை மாற்றாதீர்கள். பாரிசும் ரோமும் ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுதியில், உள்ளவை. லண்டனும் இஸ்தான்புல்லும் அதற்கு வெளியே. இப்போதைய வரிசையில் ஷெங்கனுக்குள் ஒரே ஒருமுறைதான் நுழைகிறீர்கள். பாரிஸ், லண்டன், ரோம் என்று மாற்றினால் இருமுறை நுழைய வேண்டிவரும். ஒருமுறை நுழைவு விசா அதற்குப் போதாது.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. மூன்று வரிகளாகத் தேடிப் பார்த்தேன். லண்டன் இருவழி டிக்கெட்டைவிடச் சற்றே கூடுதலாக வருகிறது, இஸ்தான்புல்லில் நான்கு நாள்கள் தங்கவும் அனுமதி இருக்கிறது. லண்டனில் இறங்கி ரோமில் ஏறுவதால், இடையில் ரயிலில் போவதைப் பற்றி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா?

மறுமொழி 2 எழுதியவர்

தேவையில்லை. அந்த இடைவெளியை நீங்கள் எப்படிக் கடக்கிறீர்கள் என்பது டிக்கெட்டைப் பொறுத்த விஷயமல்ல. முதலில் நெடுந்தூர டிக்கெட்டை உறுதி செய்துவிட்டு, அதன் தேதிகளுக்கு ஏற்ப ரயிலையும் பாரிஸ்–ரோம் விமானத்தையும் வாங்குங்கள். இருவருடைய பெயர்களும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா டிக்கெட்டுகளிலும் இருக்கட்டும்.