மேற்கு மாம்பலம் எப்போது தி.நகர் ஆனது?

லேக்வியூ வாசி:
பல் டாக்டரின் நேரம் பார்க்க ஓர் இணைய டைரக்டரியைத் திறந்தேன். முகவரி இப்படி இருக்கிறது: ஆர்ய கௌடா சாலை, தி.நகர் மேற்கு, சென்னை 600033. தி.நகர் மேற்காம்! ரயில் பாதைக்கு மேற்கே இருப்பது எங்கள் மேற்கு மாம்பலம்; தி.நகர், அதாவது தியாகராய நகர், பாதைக்குக் கிழக்கே. அயோத்தியா மண்டபமும் தி.நகர் மேற்கு, கோதண்டராமர் கோயிலும் தி.நகர் மேற்கு. திருத்துங்கள் என்று எழுதினால், பொதுமக்கள் பரவலாகப் பயன்படுத்தும் பெயர் என்று ஒரு வரியில் பதில் வந்தது. எந்தப் பொதுமக்கள்? இதைப் போன வாரம் வேறு திரியில் சொன்னபோது 'சாவி ரெடி' என்ன எழுதினார் தெரியுமா? "ரயில் ஏறுவதே தி.நகர் ஸ்டேஷனில்தானே சார், இதில் என்ன பெரிய வித்தியாசம்" என்றார். அதற்காகவே இந்தத் தனித் திரி. தி.நகர் என்று ஒரு ரயில் நிலையம் உலகத்தில் எங்கே இருக்கிறது? டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். மாம்பலம் என்று போட்டிருக்கும்.

சாவி ரெடி:
சார், நான் சும்மா சொன்னதற்குத் தனித் திரியா? வீடு தேடுகிறவர்கள் என்னிடம் "தி.நகர் பக்கம் ஏதாவது இருக்கா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மேற்கு மாம்பலம் என்று போட்டால் பத்துப் பேர் கூப்பிடுவார்கள், தி.நகர் மேற்கு என்று போட்டால் நூறு பேர். டைரக்டரிக்காரனும் அதைத்தான் செய்கிறான். யாருக்கு நஷ்டம்? உங்கள் வீட்டு மதிப்பும்தானே ஏறுகிறது.

லேக்வியூ வாசி:
என் வீட்டை நான் விற்கவில்லை. டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பனகல் நிழல்:
வந்துவிட்டார் ஐயா. போன மழைக்காலத்தில் மாம்பலம் கால்வாய் பற்றி நாற்பது பதிவு போட்டு ஒரு திரியையே மூட வைத்தவர், இப்போது ரயில் நிலையத்தைப் பிடித்திருக்கிறார். உண்மையில் புகார் சொல்ல வேண்டியது தி.நகர்க்காரர்களான நாங்கள். அதே மாதிரி ஒரு டைரக்டரியில் ரங்கநாதன் தெருக் கடைகளில் பாதியை 'மாம்பலம்' என்று போட்டிருக்கிறான். ரங்கநாதன் தெரு மாம்பலமாம்! தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் நின்று, இது எந்த ஊர் என்று கேளுங்கள். ஒருத்தராவது மாம்பலம் என்று சொல்கிறாரா பார்ப்போம். அந்த ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டத்தில் பெரும்பகுதி எங்கள் பக்கம்தான் வருகிறது. பெயர்ப் பலகையில் என்ன இருந்தால் என்ன?

லேக்வியூ வாசி:
பெயர்ப் பலகையில் என்ன இருந்தால் என்னவா? அப்படியானால் டைரக்டரியில் உங்கள் கடைகளுக்கு மாம்பலம் என்று போட்டால் என்ன? ஏன் எரிகிறது?
உங்கள் ரங்கநாதன் தெருவில் பர்ஸ் பறிபோனால் எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவீர்கள்? ஆர்-1 மாம்பலம். நிலப் பத்திரத்தில் உங்களுக்கு என்ன வட்டம்? மாம்பலம் வட்டம். உங்கள் தெருக்களில் மழைத் தண்ணீர் எதில் போகிறது? மாம்பலம் கால்வாயில். தி.நகர் என்பது எங்கள் மாம்பலத்துக்கு ஜஸ்டிஸ் கட்சி வைத்த செல்லப் பெயர்.

வார்டு 200:
ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். சென்னையில் 'ஏரியா' என்பதற்குச் சட்டப்படி எல்லையே கிடையாது. மாநகராட்சிக்கு இருப்பவை 15 மண்டலங்களும் 200 வார்டுகளும்தான், அதுவும் 2011-ல் நகரத்தை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-க்கு விரித்தபோது வந்த கணக்கு. தபால்துறைக்கு பின்கோடு. வருவாய்த்துறைக்கு வட்டம். போலீசுக்கு சரகம். இவை ஒன்றின் மேல் ஒன்று பொருந்துவதில்லை. டைரக்டரிகள் செய்வது என்னவென்றால், கடைக்காரர் பதிவு செய்யும்போது ஒரு பட்டியலைக் காட்டி ஏரியாவைத் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. அவர் வியாபாரத்துக்கு எது நல்லதோ அதைத் தொடுகிறார். திறந்த வரைபடங்களில் ஒரு பேட்டைக்குப் பல நேரம் ஒரு புள்ளிதான் இருக்கும், எல்லைக்கோடு இருக்காது. எந்தப் புள்ளி பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் 'தி.நகர்' என்று எதைச் சொல்கிறோம் என்று பேசிக்கொண்டால் நல்லது. பி.கு.: மாநகராட்சிக் கணக்கில் மேற்கு மாம்பலமும் தி.நகரின் பெரும்பகுதியும் 10-வது மண்டலம். அதன் பெயர் கோடம்பாக்கம்.

பனகல் நிழல்:
கோடம்பாக்கமா? போதும் சார், உங்கள் உதவி.

லேக்வியூ வாசி:
வார்டு சார், விளக்கம் எல்லாம் சரி. டிக்கெட்டில் கோடம்பாக்கம் என்றா போட்டிருக்கிறது? கோடம்பாக்கம் அடுத்த ஸ்டேஷன்.

ராயபுரத்தான்:
தெற்கத்திக்காரர்கள் சண்டையைப் பார்க்க ஆனந்தமாக இருக்கிறது. எங்கள் பக்கம் வந்து பாருங்கள். ராயபுரத்துக் கடைக்கு 'பாரிஸ்' என்று பாரிமுனையின் பெயரைப் போடுகிறான், காசிமேட்டுக்கு 'ஹார்பர்' என்று போடுகிறான், மிச்சத்தை எல்லாம் கூட்டி 'நார்த் சென்னை' என்று ஒரே கூடையில் கொட்டுகிறான். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது எங்கள் ராயபுரத்திலிருந்து. ஸ்டேஷன் பெருமை பேசுவதாக இருந்தால் எங்களிடம் பேசுங்கள்.
அப்புறம் ஒன்று. நீங்கள் தி.நகர், தி.நகர் என்று அடித்துக்கொள்கிறீர்களே, அந்தப் பெயருக்குரிய ஜஸ்டிஸ் கட்சித் தலைவர் தியாகராயர் வாழ்ந்தது வண்ணாரப்பேட்டைப் பக்கம். அவர் பெயரில் கல்லூரியும் இங்கேதான், அதன் பெயரில் மெட்ரோ நிலையமும் இங்கேதான். 'தியாகராய' என்று பலகை வைத்த ரயில் நிலையம் வேண்டுமென்றால் பழைய வண்ணாரப்பேட்டைக்கு வாருங்கள். டிக்கெட் அங்கே கிடைக்கும்.

லேக்வியூ வாசி:
பார்த்தீர்களா! தியாகராயர் பெயரில் ரயில் நிலையம் வடக்கே இருக்கிறது, மாம்பலத்தில் இல்லை. நான் சொன்னதை ராயபுரம் தம்பியே நிரூபித்துவிட்டார்.

ராயபுரத்தான்:
நான் உங்களுக்கு எதையும் நிரூபிக்கவில்லை அண்ணா. என்னை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள்.

பனகல் நிழல்:
வரலாறு பேச வேண்டுமா? பேசுவோம். 1920-களில் திட்டம் போட்டு, பூங்காவை நடுவில் வைத்து, அங்கிருந்து சாலைகளை இழுத்துக் கட்டிய பேட்டை தி.நகர். பனகல் ராஜா பெயரில் பூங்கா, முகமது உஸ்மான் பெயரில் சாலை, டாக்டர் நாயர் பெயரில் சாலை, நடேசனார் பெயரில் பூங்கா, சௌந்தரபாண்டியனார் பெயரில் அங்காடி. ஒவ்வொரு பலகையிலும் ஓர் ஆள் நிற்கிறார். உங்கள் பக்கம் என்ன இருக்கிறது? லேக் வியூ ரோடு. ஏரியே இல்லாத ஏரிப் பார்வைச் சாலை.

லேக்வியூ வாசி:
ஏரி ஏன் இல்லை? நீங்கள் அதன் மேல் உட்கார்ந்திருப்பதால் இல்லை! நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரி அது. வெள்ளைக்காரன் லாங் டேங்க் என்று எழுதிவைத்திருக்கிறான். அதை வற்ற வைத்து, மண் போட்டு, மனை பிரித்து, மேலே பூங்கா வைத்து, இப்போது எங்களைப் பார்த்து ஏரி எங்கே என்று கேட்கிறீர்கள். 2021 நவம்பரில் ஜி.என்.செட்டி சாலையில் தண்ணீர் நின்றதே, அது மழை இல்லை சார், ஏரி திரும்பி வந்து வாடகை கேட்டது.

பனகல் நிழல்:
வாடகை உங்களிடமும்தான் கேட்டது. துரைசாமி சப்வேயில் தண்ணீர் நிற்பது எந்த ஏரியின் வாடகை?

லேக்வியூ வாசி:
சப்வேயின் உங்கள் பக்க முனையிலிருந்துதான் தண்ணீர் இறங்குகிறது.

பனகல் நிழல்:
தண்ணீருக்கும் பின்கோடு பார்க்கிறார்!

போஸ்டல் காலனிக்காரி:
நானும் மேற்கு மாம்பலம்தான். இந்த டைரக்டரி கூத்தால் எனக்கு நிஜமாகவே தொல்லை. மிக்ஸி ஜார் வரவேண்டும் என்று காத்திருந்தால் டெலிவரிப் பையன் போன் செய்து, "அக்கா, உஸ்மான் ரோடு பாலத்துக்குக் கீழே நிற்கிறேன், வீடு எந்தப் பக்கம்" என்கிறான். பாவம், அங்கிருந்து ஒருவழிப் பாதையில் சுற்றி, சப்வே நெரிசலில் மாட்டி, வியர்த்து வழிய வந்து சேர்ந்தான். செயலியில் 'தி.நகர்' என்று காட்டியதாம். பையில் இன்னும் இரண்டு பார்சல், இரண்டும் எங்கள் பக்கத்துத் தெருக்கள், இரண்டிலும் தி.நகர். ஆகவே லேக்வியூ சாரின் புகார் நியாயம்.
ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எனக்கும் வந்தது. வீட்டு முகவரிக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 'தி.நகர் அருகில்' என்று அச்சடித்தது யார்?

லேக்வியூ வாசி:
அது சம்பந்தி வீட்டார் அச்சடித்தது. வெளியூர்க்காரர்களுக்காக. குடும்ப விஷயத்தை இங்கே இழுப்பது நாகரிகம் இல்லை மேடம்.

சாவி ரெடி:
ஹா ஹா. அதே வெளியூர்க்காரர்களுக்காகத்தான் சார் நானும் போடுகிறேன்.

லேக்வியூ வாசி:
'அருகில்' என்பது வேறு, 'மேற்கு' என்பது வேறு. பக்கத்து வீட்டில் இருக்கிறேன் என்பதற்கும் பக்கத்து வீடே என்னுடையது என்பதற்கும் வித்தியாசம் தெரியாதா? நீங்கள் தரகர், தெரியாமல் இருப்பது ஆச்சரியம் இல்லை.

சாவி ரெடி:
தொழிலை இழுக்காதீர்கள் சார். அதே லேக் வியூ ரோட்டில் உங்கள் மாடிப் போர்ஷனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது இந்தத் தரகன்தான். அன்றைக்கு விளம்பரத்தில் என்ன போட்டேன் என்று எடுத்துக் காட்டட்டுமா?

லேக்வியூ வாசி:
காட்டுங்கள். நான் எழுதிக் கொடுத்தது மேற்கு மாம்பலம், மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து நடை தூரம். மாம்பலம் ரயில் நிலையம். கவனிக்கவும்.

பனகல் நிழல்:
நடை தூரமாம். லேக் வியூ ரோட்டிலிருந்து அந்த ஸ்டேஷனுக்கு ஆட்டோக்காரர் என்ன கேட்பார் என்று எல்லோருக்கும் தெரியும்.
சரி, நேராகக் கேட்கிறேன். மேற்கு மாம்பலம் என்றால் கிழக்கு மாம்பலம் என்று ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? அது எங்கே? நாங்கள்தான் அது. அப்படியானால் நீங்களும் நாங்களும் ஒரே ஊர். ஒரே ஊர் என்றால் எந்தப் பெயர் பெரிதோ அதைத்தானே டைரக்டரி போடும்? நீங்கள் ஓட்டுப் போடுவதுகூட தியாகராய நகர் தொகுதியில்தான்.

லேக்வியூ வாசி:
பெரியது போடுவான் என்றால் 'சென்னை' என்று மட்டும் போட்டுவிட்டுப் போகட்டுமே. ஓட்டு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. டிக்கெட் தினமும். டிக்கெட்டில் மாம்பலம்.
2023-ல் ஸ்டேஷனிலிருந்து உங்கள் பஸ் நிலையத்துக்கு ஆகாய நடைமேடை கட்டினார்களே, அதற்கு என்ன பெயர் சொன்னார்கள்? மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் பாலம் என்றார்கள். இரண்டும் ஒரே ஊர் என்றால் இணைக்க என்ன இருக்கிறது? அரசாங்கமே கோடிக்கணக்கில் செலவழித்து வேறு வேறு ஊர் என்று சொல்லியாகிவிட்டது.

வார்டு 200:
ஒரே தெருவின் இரண்டு முனைகளையும் பாலத்தால் இணைப்பது உண்டு.

லேக்வியூ வாசி:
நீங்கள் கோடம்பாக்கத்தையே முடிவு செய்துவிட்டு வாருங்கள் சார்.

ராயபுரத்தான்:
அந்த நடைமேடையில் போய்வர நன்றாக இருக்கிறது என்று கேள்வி. பாண்டி பஜாருக்கு 2019-ல் நடைபாதை வளாகம், ஸ்டேஷனுக்கு நடைமேடை. எங்கள் பக்கம் நடைபாதையே வளாகம்தான், படுத்துத் தூங்கலாம். பெயர் தப்பாகப் போட்டால்கூடப் பரவாயில்லை, அந்தப் பணத்தில் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தால் 'தி.நகர் வடக்கு' என்று போட்டுக்கொள்ளத் தயார்.

பனகல் நிழல்:
வரி கட்டுகிறோம், வருகிறது.

ராயபுரத்தான்:
துறைமுகம் எங்கே இருக்கிறது அண்ணா? கன்டெய்னர் லாரிப் புழுதியை யார் தின்கிறோம்? உங்கள் கடைகளுக்கு வருகிற சரக்கில் பாதி எங்கள் ரோட்டை உடைத்துக்கொண்டுதான் வருகிறது. வரியைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள்.

போஸ்டல் காலனிக்காரி:
டைரக்டரிக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு மனு எழுதலாம் என்றுதான் நான் வந்தேன். யாராவது எழுதுகிறீர்களா?

லேக்வியூ வாசி:
நான் ஏற்கெனவே வரைவு எழுதி வைத்திருக்கிறேன். முதல் பத்தி ரயில் நிலையம். இரண்டாவது பத்தி ரயில் டிக்கெட்.

போஸ்டல் காலனிக்காரி:
டெலிவரி தாமதம், ஆம்புலன்ஸ் வழி தவறுவது, இதெல்லாம்?

லேக்வியூ வாசி:
அது இணைப்பில் வரும்.

சி.ஐ.டி. நகர் புதுசு:
வணக்கம். போன மாதம்தான் சி.ஐ.டி. நகருக்குக் குடிவந்தேன். என் முகவரியை ஒரு தளம் தி.நகர் என்கிறது, ஒன்று நந்தனம் என்கிறது, ஒன்று சைதாப்பேட்டை என்கிறது. எதை எழுதுவது?

பனகல் நிழல்:
தி.நகர்தான், சந்தேகமே வேண்டாம். தெற்கு உஸ்மான் சாலை உங்களிடம்தானே வந்து முடிகிறது.

லேக்வியூ வாசி:
பின்கோடு என்ன? 600035. அது நந்தனம். தி.நகர் 600017. புதிதாக வந்தவரை ஏன் குழப்புகிறீர்கள்?

பனகல் நிழல்:
ஓ, இப்போது பின்கோடா? இவ்வளவு நேரம் டிக்கெட் என்றீர்களே!

லேக்வியூ வாசி:
அவர் பக்கத்தில் ஸ்டேஷன் இல்லாததால் பின்கோடு சொன்னேன்.

சாவி ரெடி:
சைதாப்பேட்டை ஸ்டேஷன் இருக்கிறதே சார்.

லேக்வியூ வாசி:
நான் நந்தனம் என்று சொன்னால் நந்தனம்தான். அது மட்டும் இல்லை, அந்த இடமும் எங்கள் ஏரிதான், அதற்கும் என்னிடம் ஆதாரம் இருக்கிறது. இங்கே மின்தடை நேரம் ஆகிறது, சாயங்காலம் வந்து விரிவாக எழுதுகிறேன். அதுவரை யாரும் அவருக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

பனகல் நிழல்:
தம்பி, தி.நகர் என்றே எழுதுங்கள்.