எக்ஸாஸ்ட் டாப்பெட் இடைவெளி நிற்கவில்லை: அலுமினிய ராக்கருக்கு மாறலாமா?

வணக்கம் நண்பர்களே. 196 சிசி, 6.5 எச்பி ஓஎச்வி (வால்வு மேலே ஹெட்டில் இருக்கும்) பெட்ரோல் என்ஜின், தண்ணீர் பம்ப்பில் ஓடுகிறது. வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்ம், என்ஜின் கூடவே வந்த ஸ்டீல் தகட்டு ராக்கர்தான். இரண்டு மாதமாக ஒரே தொல்லை. எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வால்வு) பக்கம் டாப்பெட், அதாவது வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி, வைத்து எட்டு, பத்து மணி நேரம் ஓடினால் மறுபடி டக் டக் சத்தம். ஆறவிட்டு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டால், 0.20 மிமீ வைத்த இடத்தில் 0.35 காட்டுகிறது. இன்டேக் மட்டும் 0.15-லேயே அசையாமல் நிற்கிறது.

லாக் நட் புதிது போட்டேன். ராக்கரைத் தள்ளும் புஷ் ராடைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தேன், வளைவு இல்லை. ஆயிலும் மாற்றியாச்சு. ராக்கரைக் கழற்றினால், அது ஆடும் மையமான பிவட் உட்காரும் குழியில் ஒரு பக்கம் மட்டும் நீலம் பாய்ந்து, நகம் தட்டுப்படும் அளவுக்குத் தேய்மானம். அதே ஸ்டீல் ராக்கர் புதிதாகப் போட்டும் மூன்றே வாரத்தில் அதே கதை.

ரோலர் வைத்த அலுமினிய ராக்கர் போடச் சொல்கிறார்கள். உரசல் குறையும், சரி. ஆனால் அலுமினியம் சூட்டில் ஸ்டீலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். என் கேம் (வால்வைத் திறக்கவைக்கும் தண்டு), வால்வு ஸ்பிரிங் இரண்டும் ஒரிஜினல். ஓட்டம் 3600 ஆர்பிஎம்முக்குள்தான். ரேஸ் என்ஜினுக்கான சாமானை நாள் முழுக்க ஒரே லோடில் ஓடும் பம்ப்புக்குப் போட மனம் ஒப்பவில்லை.

இப்படி மணிக்கணக்கில் ஓடும் என்ஜினில் அலுமினிய ராக்கர் போட்டவர்களுக்கு எக்ஸாஸ்ட் இடைவெளி நிலையாக நின்றதா?