மனைவிக்காகப் பழைய ஜிப்சி வாங்கலாமா? சேலம், ஏற்காடு நண்பர்களின் ஆலோசனை தேவை

அஸ்தம்பட்டிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில், நாகலூருக்கு அப்பால் என் மனைவிக்குப் பிறந்த வீட்டு வழியில் வந்த சிறிய காப்பித் தோட்டம் ஒன்று உள்ளது. அதை முழுக்க அவரே கவனித்துக்கொள்கிறார். சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் ஏறி ஏற்காடு சேர்வதில் அவருக்கு எந்தச் சிரமமும் இல்லை. தார்ச்சாலையிலிருந்து தோட்டத்துக்குப் பிரியும் மண்பாதையில்தான், மழை பிடித்துவிட்டால் எங்கள் சிறிய கார் ஏற மறுக்கிறது. பழம் பறிக்கும் பருவத்தில் மூட்டை இறக்க ஒவ்வொரு முறையும் வாடகை ஜீப்புக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இப்போது இரண்டு வண்டிகள் பார்வையில் உள்ளன. ஒன்று, 2009-ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி, எம்.பி.எஃப்.ஐ. (எரிபொருளைப் பீய்ச்சும் முறை) பெட்ரோல், துணிக்கூரை, சில ஆண்டுகள் தூத்துக்குடியில் ஓடியது, மூன்றே முக்கால் லட்சம் கேட்கிறார்கள். மற்றொன்று 2016-ஆம் ஆண்டு மஹிந்திரா தார் டீசல். விலை ஏறத்தாழ இரு மடங்கு. ஜிப்சியை வாங்கி, இரண்டு அங்குலம் உயர்த்தி, அகலமான டயர்கள், முன்பக்க இரும்புக் கம்பித் தடுப்பு, கூரை மேல் எல்.இ.டி. விளக்கு வரிசை ஆகியவற்றைப் பொருத்தி அவருக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வாங்கும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும், எவற்றுக்குச் செலவிட வேண்டும்?

ஜங்ஷன் பட்டறை எழுதியது:

தூத்துக்குடியில் ஓடியது என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய செய்திதான் இதில் முக்கியமானது. ஜிப்சியின் இன்ஜினைச் சரிசெய்வது எளிது. உப்புக்காற்றில் அரித்த சேஸிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை, சரிசெய்வது எளிதன்று. வண்டியைக் குழியின் மேல் நிறுத்தச் சொல்லி, பின்பக்கக் குறுக்குச் சட்டம், பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள் பிடிமானங்கள், பாடி அமரும் இடங்கள், கால்வைக்கும் தளம் ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று ஒலித்தால், அல்லது அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு பூசியிருந்தால், விலையைப் பற்றிப் பேசவே தொடங்காதீர்கள். சேஸிஸ் எண் தெளிவாகப் படிக்கும்படி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது முன் அச்சு. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. கிங்பின் பேரிங் (முன்சக்கரம் இடம்வலமாகத் திரும்பும் அச்சாணியின் பேரிங்) தேய்ந்த ஜிப்சி சுமார் 60 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங்கைக் கையில் நிற்க விடாமல் உதறும். முன் அச்சின் முனையிலுள்ள நக்கிள் உருண்டையைச் சுற்றி எண்ணெய் வழிந்திருந்தால் உள்ளே சீல் போய்விட்டது என்று பொருள். இரண்டுமே மாற்றக்கூடியவைதான், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஜிப்சியில் டிரான்ஸ்பர் கேஸ் (இன்ஜின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக, ரப்பர் தாங்கிகளின் மேல் தொங்குகிறது. அந்த ரப்பர் தேய்ந்தால் அதிர்வு வரும், நான்கு சக்கர லீவர் தானாக விடுபடவும் கூடும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லாவிட்டால், வாங்கியவுடன் மாற்றிவிடுவதே நல்லது.

பட்டை ஸ்பிரிங் வேலைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. நாமக்கல், சங்ககிரி லாரிகளால் வளர்ந்த தொழில் அது. ஆனால் லாரிக்குக் கட்டும் பழக்கத்தில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஒரு டன் எடையுள்ள ஜிப்சிக்கு அது வேண்டாம். ஏற்கெனவே குதிக்கிற வண்டி இன்னும் குதிக்கும்.

மிளகுக்கொடி எழுதியது:

தம்பி, உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். வண்டியை ஓட்டப்போகிறவர் அதில் எங்கும் தென்படவில்லை. மஞ்சக்குட்டைப் பக்கத்திலிருந்து பல ஆண்டுகளாக ஜிப்சி ஓட்டுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். இந்த வண்டிக்குப் பவர் ஸ்டியரிங் கிடையாது. வேகம் குறைந்து, வளைவில் எதிரே பேருந்து வந்து, நின்று திருப்பும்போது தோளில் தெரியும். நீங்கள் சொல்லும் அகலமான டயர் அந்தக் கனத்தை இன்னும் கூட்டும். இரண்டு அங்குலம் உயர்த்தினால், உயரம் குறைந்த ஒருவர் புடவையோடு ஏறி இறங்குவது தினமும் ஒரு வேலையாகிவிடும். அவர் எவ்வளவு உயரம் என்று நீங்கள் எழுதவில்லை. கிளட்ச்சை முழுக்க மிதித்தபடி வண்டியின் மூக்கு நுனி கண்ணுக்குத் தெரிகிறதா என்று முதலில் அவரையே உட்கார்த்திப் பாருங்கள்.

செலவிட வேண்டிய வரிசை என் கணக்கில் வேறு. நல்ல இருக்கையும் அதற்கு முன்பின் நகரும் தண்டவாளமும். ஏறுவதற்கு ஒரு மிதிபலகை. ஜிப்சியோடு பழகிய பட்டறையில் மின்சாரப் பவர் ஸ்டியரிங். அசல் அளவான 205/70 ஆர் 15-லேயே மண்பாதைக்கும் தார்ச்சாலைக்கும் பொதுவான டயர்கள். தோட்டப் பாதைக்கு இவை போதும், ஏனெனில் வழுக்கும் மேட்டில் வண்டியை ஏற்றுவது லோ கியரும் (நான்கு சக்கர இயக்கத்தில் மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட உதவும் கியர்) நல்ல டயருமே தவிர உயரம் அன்று. கூரை மேல் வெள்ளை விளக்கு வரிசையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். ஏற்காட்டு மூடுபனியில் அந்த ஒளி திரும்பி வந்து ஓட்டுபவரின் கண்ணிலேயே விழும். பம்பருக்குக் கீழே தாழ்வாக ஒரு ஜோடி மஞ்சள் விளக்கு இருந்தால் சாலையின் ஓரமாவது தெரியும்.

இறக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழைய எண்ணெய் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் மிதி உள்ளே போய்விடும். வாங்கியவுடன் அதை முழுக்க வடித்து மாற்றுங்கள். இரண்டாம் கியரில் இறங்கும் பழக்கம் அவருக்கு ஏற்கெனவே இருக்கும். நான்கு சக்கர இயக்கத்தைக் காய்ந்த தார்ச்சாலையில் போடக்கூடாது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். முன் அச்சும் பின் அச்சும் வளைவில் ஒரே வேகத்தில் சுழலக் கட்டாயப்படுத்தப்படுவதால் பற்சக்கரங்களுக்குக் கேடு.

ஆர்.சி. புத்தகம் எழுதியது:

மற்றவர்கள் இரும்பைப் பார்த்தார்கள், நான் தாளைப் பார்க்கிறேன். 2009-இல் பதிவான தனியார் வண்டிக்கு 15 ஆண்டுகள் 2024-இல் முடிந்துவிட்டன. தகுதிச் சோதனை முடித்து ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்திருக்கிறார்களா என்பதை விற்பவரின் வாய்ச்சொல்லில் நம்பாமல், மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமை மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கியதும் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பெயரை நேரடியாக உங்கள் மனைவியின் பெயருக்கே மாற்றுவது நல்லது.

மாற்றங்களைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும், உற்பத்தியாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் மனத்தில் வையுங்கள். முன்பக்கக் கம்பித் தடுப்பை மத்திய அரசு 2017 இறுதியிலேயே தடை செய்துவிட்டது. துணிக்கூரையைத் தகரக் கூரையாக மாற்றும் எண்ணம் பிறகு வந்தால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அனுமதி, அதன்பின்பே டிங்கரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். பவர் ஸ்டியரிங் பொருத்துவதானாலும் அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

டீசல் கட்சி எழுதியது:

எல்லோரும் ஜிப்சியிலேயே நிற்கிறீர்கள். அந்த மஹிந்திரா தாரில் பவர் ஸ்டியரிங் நிறுவனத்திலிருந்தே வருகிறது, 2.5 லிட்டர் இன்ஜின் 105 குதிரைத்திறனும் 247 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. 2015-க்குப் பிறகு வந்தவற்றில் பின் அச்சில் பூட்டிக்கொள்ளும் டிஃபரென்ஷியலும் (ஒரு பின்சக்கரம் வழுக்கிச் சுழன்றாலும் மற்றதற்கு விசை கிடைக்கச் செய்வது) உண்டு. மூட்டை ஏற்றிய பின் ஜிப்சியின் 80 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின் மூச்சு வாங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். விலை வித்தியாசத்தில் பாதி, சேஸிஸ் வெல்டிங்கிலும் ஸ்டியரிங்கிலும் போய்விடும்.

மிளகுக்கொடி எழுதியது:

மூட்டைக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஜிப்சியின் அகலம் 1,540 மி.மீ., தாரின் அகலம் 1,726 மி.மீ. பழைய தோட்டப் பாதைகளில், ஒரு பக்கம் சில்வர் ஓக் மரமும் மறுபக்கம் கல் கட்டும் இருக்கும் இடத்தில், அந்தச் சாண் அளவு வித்தியாசம் கண்ணாடி மடிப்பதற்கும் மடிக்காமல் போவதற்கும் உள்ள வித்தியாசம். பாதையை அளந்துவிட்டு முடிவு செய்யட்டும்.

அஸ்தம்பட்டிவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மிளகுக்கொடி அம்மாவின் சொற்படி இரண்டு வண்டிகளையும் மனைவியே ஓட்டிப் பார்த்தார். பாதையின் குறுகிய இடத்தையும் நாடா பிடித்து அளந்தோம். தார் போகும், ஆனால் எதிரே மாடு வந்தால் ஒதுங்க இடமிருக்காது. அவருக்கு ஜிப்சிதான் பிடித்திருக்கிறது. தட்டிப் பார்த்ததில் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் மட்டும் ஓரிடம் மொத்தென்று ஒலித்தது. மற்ற இடங்கள் நன்றாக உள்ளன. அந்தச் சட்டத்தை மட்டும் மாற்றிக்கொண்டு, விலையைக் குறைத்து வாங்கலாமா?

ஜங்ஷன் பட்டறை எழுதியது:

குறுக்குச் சட்டம் மட்டும் என்றால் வாங்கலாம். ஆனால் தகரத்தை மேலே ஒட்டி வெல்டிங் வைக்க விடாதீர்கள், சட்டத்தையே முழுதாக மாற்றச் சொல்லுங்கள். வெட்டித் திறக்கும்போது அதோடு சேரும் இரு நீளச் சட்டங்களின் உட்புறமும் தெரியும். அங்கே செதில் செதிலாக உரிந்தால் வண்டி வேண்டாம் என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.