காலாண்டு லீவில் கென்யா சஃபாரி: 4 பேர், 9 நாள், எப்படிப் பிரிப்பது?

கொருக்குப்பேட்டை பூநாரை:
வணக்கம். பழவேற்காட்டில் பறவை பார்க்கும் குடும்பம் எங்களுடையது. இந்த முறை பெரிதாக ஒன்று பார்க்கலாம் என்று கென்யா பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். நான், மனைவி, 11 வயது மகள், 63 வயது அம்மா. அம்மாவுக்கு இடுப்பு வலி உண்டு, சைவம்.

ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் ஆம்போசெலி, நகுரு, மசாய் மாரா, தான்சானியாப் பக்கம் செரெங்கெட்டி, கொரொங்கொரோ என ஐந்து இடம் இருக்கிறது. எல்லாம் ஏழு ராத்திரிக்குள். மே மாத லீவில் போனால் பாதி விலை என்கிறார். காலாண்டு லீவில் போனால் மாராவில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர் நுழைவுக் கட்டணம் என்கிறார், அது உண்மையா? மே மாதமா, காலாண்டா? ஐந்து இடமும் பார்க்க முடியுமா? தடுப்பூசி, விசா விவரமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம் ரயிலடி:
காலாண்டுதான் சார், யோசிக்கவே வேண்டாம். மார்ச்சிலிருந்து மே வரை அங்கே பெருமழைக் காலம். மாராவில் பெரும்பகுதி கரிசல் மண். ஒரு மழைக்கே களியாகிவிடும், வண்டி அச்சு வரை இறங்கிவிடும். டிரைவர் மெயின் பாதையை விட்டு இறங்கமாட்டார். புல்லும் உயரமாக நிற்கும், சிங்கம் பத்தடியில் படுத்திருந்தாலும் தெரியாது. விலை பாதியாவதற்கு அதுதான் காரணம். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் என்றால் தரை காய்ந்திருக்கும், வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான் வகை) கூட்டமும் பெரும்பாலும் மாராவில் இருக்கும். சுமார் 15 லட்சம் வில்டபீஸ்ட் மழையையும் புல்லையும் பின்தொடர்ந்து வருஷம் முழுக்கச் சுற்றிவருகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை தெற்கு செரெங்கெட்டி, மே ஜூனில் மேற்கே குருமெட்டி, ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றுப் பக்கம், நவம்பரில் மறுபடி தெற்கு.

200 டாலர் உண்மைதான். 2024-லிருந்து ஜனவரி–ஜூன் 100, ஜூலை–டிசம்பர் 200. 9 முதல் 17 வயது வரை 50. உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 650 டாலர். இங்கேதான் கவனம் வேண்டும்: டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரை, 12 மணி நேரம்தான். நைரோபியிலிருந்து மதியம் 3 மணிக்கு வந்து சேர்ந்து, "ஒரு சின்ன ரவுண்டு" என்று உள்ளே கூட்டிப்போனால் இரண்டரை மணி நேரத்துக்கு 650 டாலர் போய்விடும். கிளம்பும் நாள் காலையிலும் இதே கதை. மூன்று ராத்திரிக்கு நாலு நாள் டிக்கெட், 2,600 டாலர். அதே மூன்று ராத்திரியை செகெனானி அல்லது தாலெக் கேட்டுக்கு வெளியே தங்கி, நடுவில் இரண்டு நாள் மட்டும் விடிகாலை ஆறு மணிக்கே நுழைந்து, சாப்பாடு கட்டிக்கொண்டு மாலை வரை இருந்தால் 1,300. பார்ப்பது ஒன்றும் குறையாது. இரண்டில் தாலெக்தான் மாரா ஆற்றுக்குக் கிட்டே.

ஐந்து இடம் வேண்டாம். மாராவும் செரெங்கெட்டியும் மேப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் நடுவில் சுற்றுலாப் பயணிகளுக்கு எல்லை திறந்தில்லை. இசெபானியா வழியாகச் சுற்றிப்போய், அங்கே வண்டியும் டிரைவரும் மாறவேண்டும். அதிலேயே ஒரு பகல் முழுக்கப் போய்விடும். கொரொங்கொரோ பள்ளத்தில் இறங்க நுழைவுக் கட்டணம் போக வண்டிக்கென்று தனியாக 250 டாலரும் வரியும் உண்டு. தான்சானியாவை வேறொரு வருஷத்துக்கு வையுங்கள்.

நான் போடும் திட்டம்: முதல் நாள் நைரோபி. இரண்டு, மூன்று ஆம்போசெலி (நாலு மணி நேர ரோடு). யானைக் கூட்டத்துக்கு அந்த இடம்தான். கிளிமஞ்சாரோ விடியற்காலையில் மட்டும் முகம் காட்டும், எட்டு ஒன்பது மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும். நாலாம் நாள் நைவாஷா ஏரி. படகில் நீர்யானை, மீன்கழுகு பார்க்கலாம், அம்மாவுக்கும் ஓய்வு. ஐந்தில் மாரா போய்ச் சேர்ந்து தூக்கம். ஆறும் ஏழும் முழு நாள் உள்ளே. எட்டில் நைரோபி வந்து ராத்திரி விமானம்.

தண்டையார்பேட்டை மாத்திரை:
மருந்து, காகிதம் இரண்டும் நான் சொல்கிறேன்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை மஞ்சள் காமாலையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இது வேறு. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா அந்த அட்டையைக் கேட்பதில்லை. திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள், இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் போதும். நமக்குப் பக்கம் ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக சுகாதார அலுவலகம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் போடுகிறார்கள். நேரம் பதிவு செய்துவிட்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். ஒரு குப்பியைக் கரைத்தால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்கவேண்டும், அதனால் ஆள் சேர்த்துத்தான் போடுவார்கள். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது. அட்டையில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

அம்மா விஷயம் தனி. இது உயிருள்ள கிருமி ஊசி. 60 தாண்டியவர்கள் முதல்முறை போடும்போது பக்கவிளைவு ஆபத்து கூடுதல். முட்டை அலர்ஜி, தைமஸ் கோளாறு, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை எதுவும் இருக்கக்கூடாது. குடும்ப டாக்டரிடம் முதலில் காட்டி, போடலாமா கூடாதா என்று எழுதி வாங்குங்கள். விமான டிக்கெட் அதற்கப்புறம்.

மலேரியா மாத்திரை நாலு பேருக்கும் வேண்டும். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஒன்றிரண்டு நாள் முன்னே தொடங்கி, தினமும், திரும்பிவந்து 7 நாள் வரை. டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிவந்து 4 வாரம். "ஊருக்கு வந்தாச்சே" என்று நடுவில் நிறுத்துவதுதான் எல்லாரும் செய்யும் தவறு.

விசா இப்போது இல்லை. 2024 ஜனவரியிலிருந்து ஆன்லைன் இ.டி.ஏ. (மின்னணுப் பயண அனுமதி), குழந்தைக்கும் தனியாக எடுக்கவேண்டும். தங்குமிட பதிவும் விமான டிக்கெட்டும் கேட்கும். 100 டாலர் கிழக்கு ஆப்பிரிக்க சுற்றுலா விசாவில் கென்யா, உகாண்டா, ருவாண்டா மட்டும்தான். தான்சானியா அதில் சேராது.

பிளாஸ்டிக் கேரி பேக் கென்யாவில் 2017-லிருந்து தடை. துணி மடித்து வைக்கும் கவர்களைக்கூட எடுத்துவிட்டு மஞ்சப்பையில் கட்டுங்கள்.

கொருக்குப்பேட்டை பூநாரை:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். தான்சானியாவை எடுத்துவிட்டேன். வேன் போதுமா, லேண்ட் க்ரூஸர் வேண்டுமா? 400 எம்.எம் லென்ஸ் இருக்கிறது, அதற்கு டிரைபாட் எடுத்துப் போகலாமா?

காசிமேடு கண்ணாடி:
லேண்ட் க்ரூஸர். காய்ந்த மாதத்தில் வேன் ஓடும், ஆனால் பாதைக் குழியில் அடிபடுவது அம்மா இடுப்புதான். அவரை நடு வரிசையில் உட்காரவையுங்கள். கடைசி வரிசை பின் அச்சுக்கு மேலே, தூக்கிப்போடும். நாலு பேருக்கு ஒரு வண்டி தனியாக, நாலு ஜன்னல் என்று எழுத்தில் வாங்குங்கள்.

டிரைபாட் வேண்டாம், வண்டிக்குள் விரிக்க இடமே கிடையாது. லென்ஸுக்கு அடியில் வைக்கும் பீன் பேக்கை வீட்டிலேயே தைத்துவிடலாம். எம்.சி. ரோட்டில் தடித்த காடாத் துணி அரை மீட்டர் வாங்கி, 12க்கு 8 அங்குலம் பை, ஒரு பக்கம் ஜிப், தையல் இரட்டையாக. காலியாக மடித்துப் பெட்டியில் வையுங்கள். வழியில் நாரோக் டவுனில் இரண்டு கிலோ காய்ந்த பீன்ஸ் வாங்கி, முக்கால் பாகம் மட்டும் நிரப்புங்கள். நிறைய அடைத்தால் கல் மாதிரி நிற்கும், லென்ஸ் உள்ளே பதியாது. வண்டிக் கூரையைத் தூக்கினதும் விளிம்பில் வைத்து, லென்ஸை நடுவில் அழுத்திவிட்டால் 400 எம்.எம் அசையாது. படம் எடுக்கும்போது இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள், ஆட்டம் பாதி அதிலிருந்துதான் வரும். புழுதியில் லென்ஸ் கழற்றி மாட்டவே கூடாது.

சார்ஜருக்கு மூன்று சதுர முள் பிளக் வேண்டும், நம் உருண்டை முள் ஏறாது. பர்மா பஜாரில் கிடைக்கும். மாரா 1,500 மீட்டர் உயரம், விடிகாலைக் குளிர் நம் மார்கழியைவிட மேலே; நாலு பேருக்கும் ஸ்வெட்டர், அம்மாவுக்கு மஃப்ளர். டாலர் நோட்டு 2009-க்கு முந்தையது என்றால் அங்கே வாங்கமாட்டார்கள்.

வில்டபீஸ்ட் மாரா ஆற்றைக் கடப்பதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கூட்டம் கரையில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியும் போய்விடும். வண்டிகள் முண்டியடித்துக் கரையை அடைத்தால் கண்டிப்பாகத் திரும்பும். முதல் சில மிருகம் தண்ணீரில் இறங்கும் வரை தள்ளி நிற்கும் டிரைவர்தான் நல்ல டிரைவர். "பக்கத்துல போங்க" என்று நச்சரிக்காதீர்கள். கென்யாவில் கைடுகளுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் எனத் தேர்வுத் தரம் உண்டு. வெள்ளித் தர கைடு வேண்டும் என்று ஏஜென்டிடம் கேட்டுப் பாருங்கள்.

ரயிலடி சார் திட்டத்தில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து: ஆம்போசெலியை விட்டுவிட்டு மாரா ரிசர்வ் ஓரத்தில் இருக்கும் நபொய்ஷோ போன்ற கன்சர்வன்சியில் (தனியாக நிர்வகிக்கும் வனவிலங்குக் காப்பிடம்) இரண்டு ராத்திரி தங்கலாம். ரிசர்வுக்குள் பாதையை விட்டு இறங்க அனுமதி இல்லை, இரவு சஃபாரியும் கிடையாது. கன்சர்வன்சியில் இரண்டும் உண்டு, கூட்டமும் குறைவு. விலை கூடும். சில முகாம்களில் சின்னப் பிள்ளைகளுக்கு வயது வரம்பு வைத்திருப்பார்கள், மகள் வயதைச் சொல்லிக் கேளுங்கள்.

ராயபுரம் ரயிலடி:
அதுவும் நல்ல யோசனைதான், தினமும் ஐந்தாறு மணி நேரம் வண்டியில் உட்காருவதும் குறையும். அம்மாவுக்கு அதுவே மேல். ஆனால் மகளுக்கு யானை வேண்டுமென்றால் ஆம்போசெலியை விடாதீர்கள்.

சைவம் சிக்கலே இல்லை. குஜராத்திகள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் நாடு. லாட்ஜ்களில் சப்பாத்தி, பருப்பு, காய் கிடைக்கும், பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். ஏஜென்டிடம் பூங்கா கட்டணம் எத்தனை நாளுக்கு, வண்டி, தங்கல், டிப்ஸ் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். மொத்தமாக ஒரே தொகை சொன்னால், மாரா டிக்கெட் எத்தனை நாள் சேர்த்திருக்கிறார் என்பதை முதலில் பாருங்கள்.